விளாவிய வெந்நீர்

போன மார்கழியில் ஒரு நாள் பெங்களூரிலிருந்து மகன் பேசினான்.

"அப்பா, பொங்கலுக்கு நாங்க நாலு குடும்பம் சேர்ந்து வர்றோம். வீட்டுல தங்கல. உச்சிப்புளி தோப்புல டென்ட் போட்டு ரெண்டு ராத்திரி இருக்கலாம்னு பிளான்."

"தாராளமா வாங்க" என்றேன். பதினெட்டுப் பேர் என்றான். அதில் ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று. அவன் மாமியார் உண்டு. மூட்டு அறுவை முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத என் மனைவியும் தோப்புக்குத்தான் வருவேன் என்று அடம். ஆகவே குளிக்க வெந்நீர் வேண்டும்.

சாயங்காலம் வாட்ஸப்பில் மூன்று படங்கள் வந்தன. ஒன்று, சிலிண்டரில் மாட்டி எங்கும் தூக்கிப்போகும் கையடக்க கேஸ் கீசர், அதற்கொரு குட்டி பம்பு, ஷவர். இரண்டாவது, வெயிலில் கிடத்தி வைக்கும் கறுப்பு ரப்பர் பை. மூன்றாவது, குழாயில் மாட்டினால் உடனே சுடும் மின்சார ஹீட்டர். கீழே ஒரு வரி: "எதை வாங்கலாம்? பிசிக்ஸ் வாத்தியார் சொல்லணும்."

முப்பத்தைந்து வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது பெரிய கேள்வி இல்லைதான். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால் மனம் கணக்கில் நிற்கவில்லை. எங்கெங்கோ போய்விட்டது. அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் எதை வாங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கவலை வேண்டாம்.

முதலில் ஒரு சந்தேகம். வருடத்தில் பத்து மாதம் வேர்த்து வழியும் ராமநாதபுரம் சீமையில் வெந்நீர் எதற்கு? வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். இங்கே வெந்நீர் குளிருக்கு அல்ல. பிள்ளை பெற்றவளுக்கு, பச்சைக் குழந்தைக்கு, காய்ச்சல் விட்டு முதல் தண்ணீர் ஊற்றிக்கொள்பவருக்கு, தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு, நாள் முழுக்கக் கடலில் நின்று வந்தவருக்கு, கைகால் வலிக்கும் வயசாளிக்கு. உடம்பு ஓய்ந்த நேரத்துக்கானது அது.

என் அப்பத்தா அதைச் செய்த முறை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. முற்றத்து மூலையில் மூன்று கல் கூட்டிய அடுப்பு. அதன் மேல் கரி பிடித்த பித்தளைத் தவலை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் வரை விடமாட்டாள். கொதித்ததும் ஒரு செம்பு மோந்து, அண்டாவில் ஏற்கனவே நிற்கும் பச்சைத் தண்ணீரில் ஊற்றுவாள். கையை விட்டுப் பார்ப்பாள். இன்னொரு செம்பு. பிறகு கூப்பிடுவாள்: "விளாவி வச்சிருக்கேன், வாடா."

விளாவுதல். கொதிக்கும் நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து உடம்பு தாங்கும் பதத்துக்குக் கொண்டுவருவது. அதற்கென்று தனியாக ஒரு வினைச்சொல்லே வைத்திருக்கிறோம். ஒரு காரியத்தை எத்தனை தலைமுறை செய்திருந்தால் அதற்கு ஒரு சொல் நிலைத்திருக்கும்! இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வீட்டில் இருப்பவருக்கு இது சரி. வழியில் இருப்பவர் என்ன செய்தார்?

எங்கள் கரை வழிப்போக்கர்களின் கரை. காசியிலிருந்து ராமேசுவரம் வரை நடந்தே வந்தவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் சேதுபதிகளும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டிலுள்ள முக்தாம்பாள் சத்திரம் அப்படி ஒன்று. இந்தச் சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. சாப்பாடு மட்டுமல்ல, நோயாளிக்கு வைத்தியம், வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் பராமரிப்பு எல்லாம் அங்கே உண்டு என்று அது விவரிக்கிறது. வெந்நீர் என்று தனியாக யாரும் எழுதி வைக்கமாட்டார்கள். பிரசவம் பார்த்தார்கள் என்றால் அங்கே ஒரு தவலை கொதித்தது என்றுதானே அர்த்தம்?

1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். நடந்து வந்தவர்கள் உட்கார்ந்து வர ஆரம்பித்தார்கள். மூட்டையும் மாறியது. அதற்குள் பம்ப் ஸ்டவ் வந்து சேர்ந்தது. சுவீடன் நாட்டு லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892-ல் கொண்டுவந்த பிரைமஸ் அடுப்பின் வம்சம் அது. மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தில் ஆவியாக்கிப் புகையில்லாமல் நீலச் சுடராக எரிக்கும். அறுபதுகளில் சத்திரத்துத் திண்ணைகளில் அதன் 'உஸ்' சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு நடுங்கி வரும் கிழவிக்கு, காப்பிக்கு வைத்த தண்ணீரில் பாதியை வாளியில் விளாவிக் கொடுப்பாள் மருமகள். தூக்கிப்போகும் வெந்நீர்ச் சாதனம் அன்றைக்கே இருந்தது, பெயர்தான் வேறு.

பக்தர்கள் மட்டுமா இந்தக் கரையில் தங்கினார்கள்? 'மண்டபம் கேம்ப்' என்று எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ரயில் நிலையமே உண்டு. கேம்ப் என்றவுடன் இன்றைய பிள்ளைகளுக்கு டென்ட்டும் கேம்ப்ஃபயரும் ஞாபகம் வரும். எங்களுக்கு வருவது வேறு.

இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. முதலில் தோணியில் மன்னார்க் கரை ஏறி, காட்டு வழியே கண்டி மலை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பின்னாளில் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் ஒரு முகாம், ரயில் வந்த பிறகு மண்டபத்தில் ஒரு முகாம். நம் மண்ணில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசாங்கம். கங்காணி கூட்டி வந்த ஆட்களைச் சில நாள் அங்கே நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்து, துணிமணிகளைக் கிருமி நீக்கி, அதன் பிறகே கப்பலேற விட்டார்கள். தோட்டத்துக்கு நோய் போகக்கூடாது என்பதுதான் அக்கறை. 1939 ஆகஸ்டில் தோட்ட வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசு தடை செய்யும் வரை இது நடந்தது.

பிறகு அதே முகாம் திரும்பி வந்தவர்களுக்கானது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. கப்பல் ராமேசுவரத்துக்கு வர ஆரம்பித்தது. இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் வேலை பார்த்தேன். முகாமிலிருந்து ஒரு பையன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். ஒரு வாரம் வரவில்லை. விசாரிக்கப் போனேன். அவன் அம்மாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. இவன் கருவேல முள் பொறுக்கி வந்து அடுப்பு எரித்துக்கொண்டிருந்தான். அடுப்பின் மேல் பெரிய அலுமினியக் குண்டான். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊற்ற வெந்நீர். தண்ணீருக்கோ குழாயடியில் வரிசை.

குண்டான் பெரியதாக இருக்கிறதே என்று ஏதோ சொல்லத் தெரியாமல் சொன்னேன். அந்த அம்மா உள்ளேயிருந்து சொன்னார்: "தலவாக்கலையில லயத்துல தினமும் வெந்நீர்தான் சார். அந்தக் குளிருக்கு ஆகாது. மத்த சாமானெல்லாம் வித்துட்டோம். பிள்ளை வரப்போகுதேன்னு இது ஒண்ண மட்டும் விக்கல."

ஒரு குடும்பம் நாட்டை விட்டுக் கிளம்பும்போது எதை எடுத்துக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் பிறகு கூடலூர்ப் பக்கம் போய்விட்டான் என்று கேள்வி. 1983-க்குப் பிறகு அந்த முகாமுக்கு அகதிகள் வந்தார்கள். 2022-ல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோதும் அரிச்சல்முனையில் கைக்குழந்தைகளோடு இறங்கினார்கள். ஒவ்வொரு முறை செய்தி பார்க்கும்போதும் எனக்கு அந்தக் குண்டான்தான் ஞாபகம் வருகிறது.

இனி சாதனத்தின் கதை. அதைச் சொல்லாமல் மகனுக்குப் பதில் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்குச் செப்பு பாய்லர் வந்தது 1962-ல். உயரமான செப்பு உருளை, நடுவே ஒரு குழாய், அதற்குள்தான் நெருப்பு. அடியில் சாம்பல் தட்டு, பக்கத்தில் திருகுபைப்பு. நெருப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் சூடு வீணாவதில்லை. ரஷ்யாவின் சமோவாரும் இதே தத்துவம்தான். நெருப்பை உள்ளே அடைத்து விறகை மிச்சம் பிடிக்கும் யோசனை பட்டாளத்துக்கும் போயிருக்கிறது. 1855-ல் கிரிமியப் போர்க்களத்துக்கு அலெக்சிஸ் சோயர் என்ற சமையல் நிபுணர் ஒரு மூடிய டிரம் அடுப்பைக் கொண்டுபோனார். எந்த விறகும் போடலாம், இரவில் வெளிச்சம் எதிரிக்குத் தெரியாது. பிரிட்டிஷ் ராணுவம் அந்த அடுப்பை 1982 ஃபாக்லாந்து போர் வரை வைத்திருந்தது. ஒரு அடுப்பு நூற்றிருபது வருடத்துக்கு மேல் உழைத்தது என்றால் சும்மா இல்லை.

எங்கள் பாய்லருக்கு வருவோம். அந்த வருடம் ஐப்பசியில் அடைமழை. முற்றத்தில் வைத்து எரிக்க முடியவில்லை. அப்பா பாய்லரைக் குளியலறைக்குள் தூக்கி வைத்தார். விறகு புகையுமே என்று அடுப்புக்கரி போட்டார். சாரல் அடிக்கிறதென்று சன்னலையும் சாத்தியாயிற்று. அம்மா குளிக்கப் போனார். வெகுநேரம் வரவில்லை. அப்பத்தா கதவைத் தட்டி, பதில் இல்லாமல், அப்பா கதவை நெம்பித் திறந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் முழிக்கிறார், பேச்சில்லை. தூக்கித் திண்ணையில் கிடத்தினோம். காற்றுப்பட்டு, வாந்தியெடுத்து, மெல்லத் தெளிந்தார். தலைவலி இரண்டு நாள் இருந்தது. அப்பத்தா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அப்பா பித்தம் என்றார். எனக்கு அப்போது பதினொரு வயது.

கல்லூரியில் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. கார்பன் மோனாக்சைடு. காற்றோட்டம் இல்லாத அறையில் கரியோ வாயுவோ எரியும்போது உண்டாவது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துவிடும். விறகுப் புகை கண்ணைக் கரித்து எழுப்பி வெளியே அனுப்பிவிடும். கரி நெருப்பு அந்த எச்சரிக்கைகூடக் கொடுக்காது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் இதை எழுத எனக்கு மனமிருந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை, அல்லது வேதனை. கீசர் என்ற சொல்லைக் கொடுத்தவர் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் மாகன். 1868-ல் வாயுவை எரித்து உடனுக்குடன் நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்து, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார். எரிந்த வாயு வெளியே போக அதில் புகைபோக்கி இல்லை! 1889-ல் அமெரிக்காவில் எட்வின் ரூட் தானியங்கிக் கொதிகலனைச் செய்தார். கருவிகள் பாதுகாப்பாக மாறத் தலைமுறைகள் ஆயின. ஆனாலும் இன்றைக்கும் மழைக்காலத்தில், சாத்திய குளியலறையில் கேஸ் கீசர் ஓடி உயிர் போன செய்தியை நாளிதழில் படிக்கிறோம். கருவி புதிது, சாத்திய சன்னல் பழையது.

இப்போது மகனுக்கு எழுதிய பதில்.

ஒருவர் குளிக்க ஒரு வாளி, 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தோப்புக் கிணற்றுத் தண்ணீர் தை மாதத்தில் 27 டிகிரி. உடம்புக்கு இதமானது 41 டிகிரி. ஏற்றவேண்டியது வெறும் 14 டிகிரி. 15-ஐ 14-ஆல் பெருக்கினால் 210 கிலோ கலோரி, அதாவது மின்சாரத்தில் கால் யூனிட்.

மின்சார ஹீட்டர் 3,000 வாட் கேட்கும். தோப்பில் இருப்பது மோட்டார் கொட்டகையின் ஒற்றை விளக்கு வயர். ஈரத்தரை, உப்புத்தண்ணீர், தற்காலிக வயர், அதில் குழந்தைகள். அதை முதலிலேயே தள்ளிவிடு. கார் பேட்டரியில் ஓட்டலாமா என்று கேட்டாய். 60 ஆம்பியர் பேட்டரியை முழுதாக உறிஞ்சினால்கூட மூன்று வாளிதான் வரும், அப்புறம் கார் கிளம்பாது.

கறுப்புப் பை நல்லதுதான், செலவேயில்லை. ஆனால் காலையில் கிடத்தினால் மத்தியானம்தான் சுடும். பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் வெந்நீர் வேண்டியது விடியற்காலையில்.

கேஸ் கீசர் திறந்த வெளியில் ஆபத்தில்லை. ஆனால் காற்றடிக்கிறதென்று யாராவது அதை டென்ட்டுக்குள் இழுத்து வைப்பார்கள். என் அப்பா வைத்த மாதிரி. அதோடு ஷவர் நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும். ஐந்து நிமிடம் நின்றால் 30 லிட்டர். வாளியானால் 15-ல் முடியும். தள்ளுவண்டியில் பத்துக் குடம் அடுக்கி மைல் கணக்கில் தண்ணீர் தள்ளிவந்த ஊர்க்காரன் பிள்ளை நீ. இந்தக் கணக்கை மறக்காதே. மேலும் எங்கள் கிணற்று உப்பு, கீசரின் மெல்லிய குழாயில் படிந்து ஒரே சீசனில் அடைத்துவிடும்.

ஆகவே, எதுவும் வாங்காதே. விளாவு.

கொதிநீர் 100 டிகிரி. ஒரு செம்பு கொதிநீருக்கு நாலு செம்பு பச்சைத் தண்ணீர் சேர்த்தால் 41, 42 டிகிரி. அப்பத்தா கையை விட்டுப் பார்த்தது இந்தக் கணக்கைத்தான். ஒரு வாளிக் குளியலுக்கு 3 லிட்டர் கொதிநீர் போதும். 30 லிட்டர் அண்டா ஒன்று கொதித்தால் பத்துப் பேர் குளிக்கலாம். அதற்கு ஐந்து கிலோ சீமைக்கருவேல விறகு. அது நம் மாவட்டத்தில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கிடைக்கும். மழை வந்தால் இருக்கட்டும் என்று சமையல் கேஸ் அடுப்பு ஒன்றை எடுத்து வா. ஒரு குளியலுக்குச் சுமார் 32 கிராம் வாயுதான் ஆகும்.

இரண்டே விதிகள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் கொதிநீர். மாற்றி ஊற்றினால் ஓடி வரும் குழந்தை கையை விட்டுவிடும். அடுப்பு எப்போதும் வானத்துக்குக் கீழே, டென்ட்டிலிருந்து தள்ளி, அண்டாவைச் சுற்றிக் கயிறு கட்டி.

மகன் சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்பினான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பரணிலிருந்து அப்பத்தாவின் அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தோம். போகியன்று சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பொங்கலன்று காலை நாலரை மணிக்கு நானும் மகனும் அடுப்பு மூட்டினோம். தென்னோலைத் தட்டிகளைச் சுற்றிக் கட்டிப் பெண்களுக்கு ஒரு மறைப்பு. முதல் வாளி கைக்குழந்தைக்கு. அதன் அம்மா, பெங்களூரில் பிறந்து வளர்ந்த பெண், விளாவத் தெரியாமல் நின்றாள். என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தாள்: "முழங்கையை விட்டுப் பாரும்மா. உள்ளங்கை பொய் சொல்லும்."

எல்லோரும் குளித்து முடிக்க ஏழரை ஆயிற்று. அண்டாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது. "நீங்க குளிக்கலையாப்பா?" என்று மகன் கேட்டான். வாளியை எடுத்து அவனே விளாவினான். கொஞ்சம் சூடு கூடுதல்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.